மேடையில் நின்ற வண்டி

ஜனவரி 18, ஞாயிறு. தேன்கனிக்கோட்டை

இன்று அவருடைய துடிப்பு நூற்றுப் பதினெட்டைத் தாண்டவில்லை. முதலில் இதை எழுதினால்தான் மற்றதை எழுதக் கை வருகிறது.

ஓசூரில் பஸ் கூரையிலிருந்து சைக்கிள்கள் இரண்டையும் இறக்கும்போது மணி ஏழு. பனி இன்னும் விலகவில்லை. என் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, பஸ் டிரைவரிடம் போய்க் கை கொடுத்தார். முப்பத்தோரு வருஷம் மலை ரூட்டில் பஸ் ஓட்டியவர். ஓட்டிய பாதையிலேயே சைக்கிள் மிதிக்க வேண்டும் என்பது ஆசை. ஓசூரில் ஆரம்பித்து அஞ்செட்டி, ஒகேனக்கல், பென்னாகரம், அப்புறம் நாகமரையில் படகேறி ஆற்றைத் தாண்டி மேட்டூர் வழியாகச் சேலத்துக்கு, எங்கள் வீட்டுக்கு.

வயது ஐம்பத்தெட்டு. போன ஜூனில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கு முன் இரண்டு நாள் நெஞ்சு வலியை என்னிடம் சொல்லாமல், வாயு வாயு என்று இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் இவர். அந்த இரண்டு நாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இவர் வாயால் "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

அதனால்தான் இந்தப் பட்டை. கோவையிலிருந்து மகள் மேகலை வாங்கி அனுப்பியது. மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் அழுத்திப் பொருத்துகிற ஒரு கறுப்பு வில்லை உண்டு. அது துடிப்பை எண்ணி ஹேண்டிலில் மாட்டிய மீட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நூற்று முப்பதைத் தாண்டக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவருடைய எண்ணை என் மீட்டரில் வைத்திருக்கிறேன்.

"நான் மட்டும் என்ன மணி கட்டுன மாடா? நீயும் கட்டு" என்றார். சரி என்று நானும் ஒன்று கட்டிக்கொண்டேன். என் எண் அவர் மீட்டரில் தெரியும். அவர் எங்கே அதைப் பார்க்கப் போகிறார்.

எண் பார்ப்பது எனக்குத் தொழில். செவ்வாய்ப்பேட்டையில் இருபத்தாறு வருஷமாக லாரி எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன். எண் பொய் சொல்லாது. ஆனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் ஜன்னல் வழியே எட்டி மேடையைப் பார்க்க வேண்டும். பின்னால் காத்திருக்கிற லாரியின் முன்சக்கரம் ஓரத்தில் ஏறியிருந்தால் இன்னொரு வண்டியின் கனமும் சேர்ந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான்.

ஐம்பதடிக்கு மேல் அவர் முன்னால் போய்விட்டால் எண் மறைந்து இரண்டு கோடு வரும். இன்று எட்டு முறை கோடு வந்தது. எட்டு முறையும் கத்தினேன்.

லாட்ஜ் குழாயடியில் பட்டைகளைச் சோப்புப் போட்டு அலசிக் காயப் போட்டிருக்கிறேன். வில்லைகளில் தண்ணீர் படக் கூடாதாம். கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறேன். பட்டை மாறிப்போகாமல் இருக்க அவருடையதில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டாயிற்று.

ஜனவரி 19, திங்கள். அஞ்செட்டி

நூற்று நாற்பத்தாறு.

காலையில் வில்லைகளைப் பொருத்திக் கட்டிக்கொண்டு ஏழரைக்குப் புறப்பட்டோம். முதல் மேட்டிலேயே நூற்று முப்பத்தெட்டு. நிற்கச் சொன்னேன். ஒரு காலை ஊன்றி நின்றபடி திரும்பிப் பார்த்தார்.

"என்ன கோமளா?"

"ஏறிடுச்சு. அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. மூச்சுகூட வாங்கல பாரு."

"ஜூன்லயும் இதத்தான் சொன்னீங்க."

மைல்கல்லில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பத்துக்கு இறங்கியது. கிளம்பினோம். அடுத்த மேட்டில் மறுபடியும் ஏறியது. இப்படி ஐந்து முறை.

அவர் தன் மீட்டரைப் பார்த்து, "ஒனக்கு நூத்தி நாலுதான். உக்காந்து எடை போட்டவளுக்கு இருக்கிற எஞ்சினப் பாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இவ்வளவு வேகமாக அடித்துக்கொள்ளும்போது இந்த மனுஷனால் எப்படிச் சிரிக்க முடிகிறது?

ஒரே நல்ல விஷயம், இன்று ஒரு முறைகூடக் கோடு வரவில்லை. அஞ்செட்டி இறக்கத்தில் அவர் வளைவு தாண்டிக் கண்ணுக்கே எட்டாமல் போனபோதும் எண் அப்படியே நின்றது. காட்டில் இடைஞ்சல் இல்லை, நன்றாக எடுக்கிறது போல.

எனக்கு இடது கை முழங்கை வரை மரத்துக்கிடக்கிறது. ஹேண்டிலை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய். அஞ்செட்டி

இன்று போக வேண்டாம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ பஸ்ல போ, நான் மிதிச்சு வந்துடறேன்" என்றார். செய்யக்கூடிய ஆள்தான். ஜூனுக்குப் பிறகு ஐந்து மாசம் வீட்டு நாற்காலியில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெரிய வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே, அதில் ஆளே பாதியாகிவிட்டார். இந்தச் சைக்கிள் வந்த பிறகுதான் முகம் திரும்பியது. அதையும் நானே எப்படிப் பிடுங்குவது?

டீக்கடையில் நாடி பார்க்கலாமென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கையை இழுத்துக்கொண்டார்.

அவர் சைக்கிளிலிருந்த இரண்டு பைகளையும் கழற்றி என் சைக்கிளில் கட்டிவிட்டேன். இரவல் கூடாரமும் என் பின்னால்தான். பாரம் குறைந்தால் அவர் எண் குறையும்.

மேகலை போன் பண்ணினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். நூற்றுப் பதினைந்து என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

ஜனவரி 21, புதன். நாட்றாம்பாளையம்

எழுத்து கோணினால் கோணட்டும்.

பைகளை மாற்றியும் பயனில்லை. மேட்டில் நூற்று ஐம்பத்தெட்டு. பாரமில்லாமல் அவர் ஓடுகிறார், பாரத்தோடு நான் பின்னால் போராடுகிறேன். ஆனால் அவர் எண்தான் ஏறுகிறது. இது என்ன கணக்கோ புரியவில்லை.

பத்து மணி இருக்கும். எதிரே பைக்கில் வந்த வனக்காவலர் ஒருவர் நிறுத்தி, "ரெண்டு நாளா ஒத்தை யானை ஒண்ணு ரோட்டு மேலயே சுத்துதுங்க. சத்தம் போடாம போங்க. பாத்தீங்கன்னா அப்படியே நில்லுங்க, ஓடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பலாமா என்று நான் கேட்பதற்குள் என் வீட்டுக்காரர் பெடலை மிதித்துவிட்டார்.

மூங்கில் வளைவைத் தாண்டியதும் நின்றுகொண்டிருந்தது. முப்பது நாற்பது அடிதான் இருக்கும். எங்களுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு, ஒரு காலால் சாலையோர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ஒரு தந்தம்தான் தெரிந்தது. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டவும் பயம், பிடித்துக்கொண்டிருக்கவும் தெம்பில்லை.

மீட்டரில் நூற்று எழுபத்தாறு.

யானை வேண்டாம், இந்த எண்ணே இவரைக் கொன்றுவிடும் என்று நினைத்தேன். அவர் கையைத் தேடிப் பிடித்தேன். உலர்ந்து, குளிர்ந்து இருந்தது. என் கைதான் வேர்வையில் வழுக்கியது. அவர் உதட்டை அசைக்காமல், "அது நம்மளப் பாக்கல. காதப் பாரு, ஆட்டிக்கிட்டே இருக்கு. காத நிறுத்தினாத்தான் கோவம்" என்றார். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. அது மெதுவாகத் திரும்பி, எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் மூங்கிலுக்குள் இறங்கிப் போயிற்று.

அதன் பிறகும் அரை மணி நேரம் நூற்று அறுபதுக்குக் கீழே வரவேயில்லை.

ஒன்றை எழுதிவிட வேண்டும். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம், இவருக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். இடி, பாம்பு, ஆஸ்பத்திரி, எதற்குமே முகம் மாறாது. எல்லாப் பயத்தையும் என் தலையில் கட்டிவிட்டு இவர் நிம்மதியாக இருக்கிறார் என்று எத்தனை நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். இன்றைக்கு எண் காட்டிக்கொடுத்துவிட்டது. வெளியே அப்படி நின்றவர் உள்ளே என்னைப் போலவே பயந்திருக்கிறார். பாவமாக இருந்தது, ஒரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது. சொல்லிக் காட்டவில்லை.

தாடை வலிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டே நின்றிருப்பேன்.

ஜனவரி 22, வியாழன். ஒகேனக்கல்

இறக்கம். ஒரு பக்கம் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. வெகு கீழே காவிரி பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கறுப்பாகப் போகிறது. சத்தம் மட்டும் மேலே வருகிறது. பஸ்ஸில் வரும்போது இந்த இடத்தில் ஜன்னலோரம் உட்காரச் சண்டை போட்டிருக்கிறேன். இன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை.

மூன்று பை, ஒரு கூடாரம். பிரேக்கை எவ்வளவு பிடித்தாலும் பாரம் பின்னாலிருந்து தள்ளுகிறது. ரப்பர் கருகிய நாற்றம். அவர் ஒவ்வொரு வளைவிலும் நின்று, "விட்டு விட்டுப் புடி, மொத்தமா புடிக்காத" என்று பஸ்காரப் பாடம் நடத்தினார். மிதிக்கவே வேண்டாத இறக்கத்தில் அவருக்கு நூற்று அறுபத்திரண்டு. அவருக்கும் இறக்கம் பயம்போல.

மதியம் மீன் வறுவல் சாப்பிட்டார். எனக்கு வாடையே பிடிக்கவில்லை. கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். எண்ணெய் சரியில்லை. முதுகெல்லாம் சில்லென்று வேர்த்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் கவலைப்படுவார், கவலைப்பட்டால் எண் ஏறும்.

ஜனவரி 23, வெள்ளி. பென்னாகரம்

மேடு. நூற்று எழுபத்தொன்பது. நான் பாதித் தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன். அவர் நிற்காமல் ஏறி, மேலே புளிய மரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்ததும் அடிக்காத குறையாகத் திட்டினேன். திட்டி முடிக்க மூச்சு இல்லை.

"நீ ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க?" என்றார்.

"உங்களைப் பாத்துத்தான்" என்றேன்.

நாளை படகு தாண்டிவிட்டால் மேட்டூர். அங்கிருந்து என்ன சொன்னாலும் பஸ்தான். இதை மட்டும் நான் விடப்போவதில்லை.

ஜனவரி 24, சனி. பண்ணவாடிக் கரை

ஆற்றைத் தாண்டி இந்தக் கரையில் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறேன். எழுதாமலிருந்தால் கத்திவிடுவேன்.

காலை பத்தரைக்கு நாகமரை படகுத் துறைக்கு வந்து சேர்ந்தோம். அணைத் தண்ணீர் ஏறியிருக்கிறது. எதிர்க்கரை மரங்கள் விரல் நகமளவுதான் தெரிந்தன. படகில் ஏற்கெனவே சந்தைக்குப் போகிற ஆடுகளும் பத்துப் பேரும்.

"ஒரு சைக்கிளுதான் ஏறும்ங்க. மூட்ட கட்டுன சைக்கிளு மொதல்ல வரட்டும். ஐயா அடுத்த நடையில வருவாரு" என்றார் படகுக்காரர்.

நான் மாட்டேன் என்றேன். இருவரும் அடுத்த நடையில் சேர்ந்து வருகிறோம் என்றேன். அடுத்த நடையிலும் ஒரு சைக்கிள்தானாம். பொன்னுரங்கம் அதற்குள் என் சைக்கிளைத் தூக்கி ஏற்றிவிட்டு, என்னையும் கைபிடித்து ஏற்றிவிட்டார். எண் நூற்று ஐம்பத்தைந்து. அந்தக் கரையில் இவரை விட்டுவிட்டுப் போய், நான் நடு ஆற்றில் இருக்கும்போது இவர் அங்கே விழுந்துவிட்டால் என்ன செய்வேன்?

"உக்காந்தே இருங்க. எந்திரிக்காதீங்க. நடக்காதீங்க" என்று கத்தினேன். ஆடுகளைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி சிரித்தாள்.

படகு நகர்ந்தது. அவர் சின்னதாகி, மப்ளரின் நிறம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. ஐம்பதடிக்குக் கோடு வந்துவிடும், அதன் பிறகு அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு மீட்டரைப் பார்த்தேன்.

கோடு வரவில்லை. நூற்று அறுபத்தொன்று.

நடு ஆறு. நூற்று அறுபத்தெட்டு. தண்ணீருக்கு மேல் நன்றாக எடுக்கும் போல என்றுதான் அப்போதும் நினைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இந்தக் கரையில் இறங்கி, சைக்கிளை வேலமரத்தில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு மைல் தண்ணீர் இருக்கும். நூற்று அறுபத்து மூன்று.

இருபத்தாறு வருஷமாகப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்போதுதான் செய்தேன். மேடையைப் பார்த்தேன்.

மரத்துக்குப் பின்னால் போய், ரவிக்கைக்குள் கையை விட்டு என் பட்டையிலிருந்த வில்லையைக் கழற்றினேன். மீட்டரில் இரண்டு கோடு. பொருத்தினேன். நூற்று ஐம்பத்தொன்பது. மறுபடியும் கழற்றினேன். கோடு. பொருத்தினேன். நூற்று அறுபத்தாறு.

பட்டையில்தான் நூல் கட்டினேன். வில்லையில் கட்டவில்லை. தேன்கனிக்கோட்டை ஜன்னல் கட்டையிலிருந்து எடுத்துப் பொருத்தியபோது மாற்றிவிட்டேன். ஆறு நாளாக நான் பார்த்துப் பார்த்துப் பயந்த எண் என்னுடையது. அவர் "எஞ்சின்" என்று சிரித்த நூற்று நாலுதான் அவருடையது. அவர் நன்றாக இருக்கிறார். கடவுளே, அவர் நன்றாகத்தான் இருக்கிறார். யானைக்கு முன்னாலும் பயந்தது நான் மட்டும்தான்.

கை மரப்பு, தாடை வலி, வாந்தி, வேர்வை. எல்லாம் இந்த நோட்டிலேயே இருக்கிறது. முன் பக்கங்களைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு சாக்கு எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் அவர் குடித்த அதே இஞ்சி டீதான்.

இப்போது வெயிலில் உட்கார்ந்திருந்தும் குளிர்கிறது. இடது கையை இந்த நோட்டின் மேல் வைத்திருக்கிறேன், வைத்திருப்பது தெரியவில்லை. சொல்லாமல் மேட்டூர் வரை சமாளித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் பயந்துவிடுவாரே என்றுதான். அவரும் ஜூனில் இதே காரணத்தைத்தான் சொன்னார்.

படகு பாதி ஆறு வந்துவிட்டது. மப்ளர் தெரிகிறது. எழுந்து நின்று கையை ஆட்டுகிறார். உட்காரச் சொல்லிக் கத்த எனக்கு மூச்சு இல்லை.

சொல்லிவிடுவேன்.

ஜனவரி 26, திங்கள். சேலம், ஆஸ்பத்திரி

கீழே கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். எனக்குத் தரவில்லை, நாளை ஆஞ்சியோ.

துடிப்பு தாளம் தப்பி ஓடுகிறதாம், ரத்தக் குழாயிலும் அடைப்பு இருக்கலாமாம். "இந்த நெஞ்ச வச்சிக்கிட்டு மூணு பையோட மலை ஏறுனீங்களாம்மா?" என்றார் டாக்டர். மேட்டுக்கு மேடு நின்று நின்று உட்கார்ந்தீர்களே, அதுதான் காப்பாற்றியிருக்கிறது என்றும் சொன்னார். வீட்டுக்காரருக்காக என்று நினைத்து நான் நிறுத்திய நிறுத்தங்கள் அவை.

இந்த நோட்டு நேற்று முழுக்கப் பொன்னுரங்கம் கையில் இருந்தது. படித்தார் என்பது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. இன்று காலை திருப்பிக் கொடுத்தார்.

"நான் ரெண்டு நாளு மறச்சேன்" என்றார். "நீ ஆறு நாளு."

"திட்டுங்க."

"நாளைக்கு முடியட்டும். அப்புறம் வச்சிக்கிறேன்."

நோட்டை என் கையிலிருந்து மறுபடியும் வாங்கி ஒரு பக்கத்தைப் புரட்டினார். பிறகு, "யானை முன்னால நான் உள்ளுக்குள்ள பயந்தேன்னு எழுதியிருக்க" என்றார்.

"தப்பா எழுதிட்டேன். உங்களுக்கு எங்க பயம்."

"அன்னிக்கு இல்ல" என்றார். "இப்ப இருக்கு கோமளா. ரொம்ப இருக்கு."

முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். கேட்டபோது, இதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. எனக்கும் இருக்கிறது என்றேன்.

கட்டிலுக்கு மேலே ஒரு பெரிய மீட்டர் பச்சையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அறையில் எனக்கும் இன்னொரு நோயாளிக்குமாக இரண்டு கட்டில், இரண்டு மீட்டர். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து என் தலைமாட்டில் இருப்பதையே வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார்.

"இது ஒன்னுதுதானே?" என்றார்.

மீட்டரிலிருந்து வரும் ஒயரை விரலால் தொட்டேன். கட்டில் கம்பியைச் சுற்றி, போர்வைக்கு அடியில் புகுந்து, என் மார்பில் ஒட்டியிருந்த வில்லை வரை அவர் பார்க்க விரலை நகர்த்திக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகுதான் எண்ணைப் பார்த்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு.

"என்னுதுதான்" என்றேன்.